அரவை மில்லில் கலந்தது

மிளகாயும் மல்லியும் வாங்கி, காம்பு கிள்ளி, இரண்டு நாள் மொட்டை மாடியில் காயவைத்து, இளம் சூட்டில் வறுத்து, தூக்குவாளியில் போட்டு மில்லுக்கு எடுத்துப் போகும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. மில் வாசலில் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எங்களுக்கு முன்னாடி என்ன அரைச்சீங்க?" கேழ்வரகு என்று பதில் வந்தால் சற்று ஒதுங்கி நிற்போம். வேறு யாராவது மிளகாய் போடட்டும், அதற்குப் பின்னால் நம்முடையதைக் கொட்டலாம் என்று காத்திருப்போம். வீட்டில் எவ்வளவு சுத்தம் பார்த்தாலும் இயந்திரத்துக்குள் ஒட்டியிருப்பது நம் பொடியில் கலந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். மில்காரர் மேல் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

நம் கைப்பேசியில் உள்ள ஒவ்வொரு செயலியும் இப்படி ஒரு மில்லுக்குப் போய் வந்ததுதான். நிரலர் எழுதுவது மனிதர் படிக்கக்கூடிய வரிகள். அவற்றைக் கைப்பேசிக்குப் புரியும் வடிவத்துக்கு அரைத்துக் கொடுப்பது கம்பைலரும் அதைச் சுற்றியுள்ள கருவிகளும். ஐபோன் செயலி என்றால் ஆப்பிள் தரும் எக்ஸ்கோடு. ஆண்ட்ராய்டு என்றால் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ. செயலியை எழுதியவர் நல்லவரா, அதை விற்கும் நிறுவனம் நாணயமானதா என்று நாம் யோசிப்பதுண்டு. அரைத்த இயந்திரம் எப்படிப்பட்டது என்று யோசிப்பவர்கள் குறைவு. நிரலர்களே அதிகம் யோசிப்பதில்லை.

2015 செப்டம்பரில் சீனாவில் அந்தக் கேள்வி ஊரறிந்த பேச்சானது. ஐபோன் செயலிகள் சிலவற்றில் அவற்றை எழுதியவர்களுக்கே தெரியாத நிரல் துண்டு ஒன்று ஒளிந்திருந்தது. அலிபாபா நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் அதற்கு எக்ஸ்கோடுகோஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் அதை ஆராய்ந்து முதலில் 39 செயலிகளின் பட்டியலை வெளியிட்டது. சில நாட்களுக்குள் ஃபயர்ஐ என்ற இன்னொரு நிறுவனம் எண்ணிக்கை 4,000-ஐத் தாண்டும் என்றது. அதுவரை ஆப்பிளின் செயலிக் கடைக்குள் புகுந்ததாகக் கண்டறியப்பட்ட தீய செயலிகள் மொத்தமே ஐந்து என்பது பாலோ ஆல்டோவின் கணக்கு. ஐந்திலிருந்து ஆயிரக்கணக்குக்கு ஒரே வாரத்தில் தாவியது.

பட்டியலில் இருந்த பெயர்கள் சாதாரணமானவை அல்ல. சீனாவில் கோடிக்கணக்கானோர் நாள் முழுக்கப் புழங்கும் வீசாட்டின் 6.2.5 பதிப்பு அதில் இருந்தது. வாடகைக் கார் அழைக்கும் டிடி, ரயில் டிக்கெட் எடுக்கும் 12306, நெட்ஈஸின் பாட்டுச் செயலி, ஒரு வங்கியின் கடன் அட்டைச் செயலி, ஆங்ரி பேர்ட்ஸ் 2 விளையாட்டின் சீனப் பதிப்பு ஆகியவையும் இருந்தன. இவற்றைச் செய்தவர்களில் ஒருவர்கூடத் திருடர் இல்லை. எல்லோரும் தங்கள் மிளகாயைச் சுத்தமாகத்தான் காயவைத்திருந்தார்கள்.

நடந்தது இதுதான். எக்ஸ்கோடு அப்போது சுமார் 3 ஜிபி அளவுள்ள தொகுப்பாக இருந்தது. ஆப்பிளின் சர்வரிலிருந்து அதை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அன்றைய சீனாவில் வெளிநாட்டு சர்வரிலிருந்து இவ்வளவு பெரிய கோப்பை இறக்குவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆகவே உள்ளூர் கோப்புப் பகிர்வுத் தளமான பைடு யுன்பானில் யாரோ ஏற்றி வைத்திருந்த பிரதிகளைப் பலர் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பிரதிகளில் ஒரு சின்ன மாற்றம் இருந்தது. ஆப்பிளின் சொந்த நிரல் கோப்பைப் போலவே கோர்சர்வீசஸ் என்று பெயரிட்ட ஒரு கோப்பு உள்ளே செருகப்பட்டிருந்தது. அந்த எக்ஸ்கோடில் எந்தச் செயலியை அரைத்தாலும் இந்தத் துண்டும் சேர்ந்து வெளியே வரும். எழுதியவர் தன் வரிகளைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தாலும் பிடிபடாது. அவர் வரிகளில் அது இல்லவே இல்லை.

இப்படிக் கலந்த துண்டு என்ன செய்தது? செயலியின் பெயர், பதிப்பு, கைப்பேசியின் பெயர், மொழி, நாடு, இணைப்பு வகை, நேரம் ஆகியவற்றைச் சேகரித்து ஒரு சர்வருக்கு அனுப்பியது. அங்கிருந்து உத்தரவு வந்தால் திரையில் ஓர் அறிவிப்புப் பெட்டியைக் காட்டவும் இணைய முகவரி ஒன்றைத் திறக்கவும் அதற்குத் திறன் இருந்தது. சற்று நிதானமாகப் பார்த்தால், இதில் முதல் பாதியை இன்று நம் கைப்பேசியில் உள்ள பெரும்பாலான செயலிகள் வெளிப்படையாகவே செய்கின்றன. எத்தனை பேர் எந்த ஊரிலிருந்து எந்த மாடலில் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கெடுப்பது இந்தத் தொழிலில் அன்றாட நடைமுறை. கடைக்கு வரும் செயலிகளைச் சோதிக்கும் ஆப்பிள் ஊழியர்கள் கண்ணில் இது படாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். வழக்கமான வேலையைப் போலத் தோற்றமளித்த ஒன்றை யார் நிறுத்திக் கேட்பார்கள்? ஆபத்து இரண்டாம் பாதியில் இருந்தது. அந்தச் சர்வரோடு நடந்த உரையாடலுக்குச் சரியான பூட்டுகூட இல்லை. வழியில் மூன்றாம் ஆள் யாராவது புகுந்து தன் சொந்த உத்தரவை அனுப்பியிருக்கலாம்.

இனி, யார் பொறுப்பு என்ற கேள்வி. இங்கே கோபப்படுவது எளிது. அவரவர் நிலையில் நின்று பார்ப்பதுதான் பயன் தரும்.

முதலில் நிரலர்கள். அவர்கள் மீதான குற்றச்சாட்டு வலுவானதுதான். எக்ஸ்கோடு ஓடும் மாக் கணினியில் கேட்கீப்பர் என்ற காவல் ஏற்பாடு இருக்கிறது. தயாரித்தவர் இட்ட முத்திரை உடைந்த மென்பொருளை அது திறக்க விடாது. மாற்றப்பட்ட எக்ஸ்கோடில் ஆப்பிளின் முத்திரை செல்லாது. ஆக, அதை ஓடவைத்தவர்கள் அந்தக் காவலை அணைத்திருக்க வேண்டும், அல்லது எப்படியோ தாண்டிப் போயிருக்க வேண்டும். கோடிப் பேர் பயன்படுத்தும் செயலியை உருவாக்குபவர் இதைச் செய்யலாமா என்று கேட்பது நியாயமே.

ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு வேறொன்றும் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு சின்ன அலுவலகத்தில் நீலநிறப் பென்டிரைவ் ஒன்று இருந்தது. மூடி தொலைந்து, வாயில் ரப்பர் பேண்டு சுற்றியிருக்கும். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் காலை அடையாள அட்டைக்கு முன்பே அதுதான் கைக்கு வரும். வேலைக்கு வேண்டிய எல்லா இன்ஸ்டாலர்களும் அதில் இருந்தன. யார் எப்போது எங்கிருந்து இறக்கியது என்று யாருக்கும் தெரியாது. அலுவலக இணைப்பில் ஒருவர் பெரிய கோப்பை இறக்க ஆரம்பித்தால் மற்றவர்களின் வீடியோ கூட்டம் நின்றுவிடும். "யாருப்பா டவுன்லோட் போட்டது?" என்று அறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். குரலுக்குப் பயந்தே பென்டிரைவைத் தேடுவோம். கணினி எச்சரிக்கைப் பெட்டி காட்டினால் பக்கத்து இருக்கை அண்ணன் எட்டிப் பார்த்து, "அது அப்படித்தான் கேக்கும், ஓகே குடு" என்பார். அவரிடமும் முன்பு யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். எங்களில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எங்களுக்கு எதுவும் ஆகாமல் போனது எங்கள் சாமர்த்தியமும் இல்லை.

சீன நிரலர்களை நினைக்கும்போது அந்தப் பென்டிரைவ்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. அவசரம், மெதுவான இணைப்பு, மேலாளரின் கெடு, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்ற ஆறுதல். இதைத் தனிமனிதப் பொறுப்பின்மை என்று சொல்லி மூடிவிட்டால் அடுத்த பென்டிரைவ் அப்படியே மேசையில் கிடக்கும்.

அடுத்து ஆப்பிள். அதன் தரப்பிலும் நியாயம் உண்டு. கருவியை இலவசமாகக் கொடுத்தது, முத்திரையிட்டது, முத்திரை உடைந்தால் தடுக்கும் காவலையும் வைத்தது. காவலை அணைத்துவிட்டு உள்ளே வந்ததற்குக் கதவு செய்தவரைக் குறை சொல்ல முடியாது. விஷயம் தெரிந்ததும் பாதிக்கப்பட்ட செயலிகளைக் கடையிலிருந்து அகற்றியது. நிரலர்களுக்குக் கடிதம் எழுதி, தங்கள் எக்ஸ்கோடு அசல்தானா என்று சோதிக்க ஒரே வரிக் கட்டளையைக் கொடுத்தது. அந்த நிரல் துண்டு தீய காரியத்துக்குப் பயன்பட்டதாகத் தெரியவில்லை என்றும் சொன்னது.

மறுபக்கமும் உண்டு. தன் கடைக்குள் நுழையும் ஒவ்வொரு செயலியையும் சோதித்தே அனுமதிப்பதாகச் சொல்லும் நிறுவனம் அது. அந்த உறுதிமொழியை நம்பித்தான் மக்கள் அங்கிருந்து செயலிகளை இறக்குகிறார்கள். மேலும், குறுக்குவழி ஏன் பிறந்தது என்பதற்கு அதன் உயரதிகாரி பில் ஷில்லரே அப்போது பதில் சொல்லிவிட்டார்: அமெரிக்காவில் 25 நிமிடத்தில் இறங்கும் எக்ஸ்கோடு சீனாவில் மூன்று மடங்கு நேரம் எடுக்கக்கூடும். இனிச் சீனாவுக்குள்ளேயே வைத்துத் தருகிறோம் என்று அவர் அறிவித்தார். நல்ல முடிவு. அதை ஒரு வருடம் முன்னால் எடுத்திருந்தால் பைடுவில் கிடந்த பிரதியைப் பலர் தேடியே போயிருக்க மாட்டார்கள்.

பயனர்களுக்குச் சொன்னார்களா என்பது இன்னும் சிக்கலானது. எபிக் கேம்ஸ் என்ற விளையாட்டு நிறுவனம் தொடுத்த வழக்கில் 2021-இல் ஆப்பிளின் பழைய உள் மின்னஞ்சல்கள் நீதிமன்றத்துக்கு வந்தன. ஆப்பிளின் கணக்கில் பாதிக்கப்பட்ட 2,500-க்கும் மேற்பட்ட செயலிகளை 12.8 கோடிப் பேர் இறக்கியிருந்ததும், மொத்தப் பதிவிறக்கங்கள் 20.3 கோடி என்பதும் அப்போதுதான் வெளியே தெரிந்தது. அந்த 12.8 கோடியில் பாதிக்கு மேல் சீனர்கள், அமெரிக்கர்கள் 1.8 கோடி. இத்தனை பேருக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்பலாமா என்று அதிகாரிகள் தங்களுக்குள் விவாதித்திருக்கிறார்கள். எத்தனையோ நாடுகள், எத்தனையோ மொழிகள், ஒவ்வொருவரிடமும் வேறு வேறு செயலி. எப்படி அனுப்புவது என்ற கவலை அதில் தெரிகிறது. கவலை பொய்யானதல்ல. இருந்தாலும் அப்படியொரு மின்னஞ்சல் போனதற்குச் சான்று எதுவும் வெளிவரவில்லை. அதிகம் புழங்கிய 25 செயலிகளின் பெயர்களோடு ஒரு விளக்கப் பக்கம் மட்டும் வெளியானது. வீட்டுக் கதவில் பூட்டு பழுது என்று பூட்டு செய்தவருக்குத் தெரிந்திருக்கிறது, வீட்டுக்காரருக்கு நேரில் சொன்னதாகத் தெரியவில்லை. இது என் தனிப்பட்ட கருத்து: இந்த விவகாரத்தில் மன்னிக்கக் கடினமான இடம் இதுதான். சோதனையில் தவறவிட்டதை மனிதப் பிழை என்று ஒதுக்கலாம். சொல்லாமல் விட்டிருந்தால் அது யோசித்து எடுத்த முடிவு.

எக்ஸ்கோடுகோஸ்டை எழுதியதாகச் சொல்லிக்கொண்டவர் சில நாட்களில் தன் நிரலை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டார். அது தவறாகிப்போன ஒரு பரிசோதனை என்றார். விளம்பரத்துக்குப் பயன்படும் என்ற சுயநலம் இருந்ததையும் ஒப்புக்கொண்டார். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். பைடு மாற்றப்பட்ட எக்ஸ்கோடு கோப்புகளை அகற்றியது.

ஆனால் அகற்றியதும் கதை முடியவில்லை. பாதிக்கப்பட்ட செயலியைக் கடையிலிருந்து எடுத்துவிட்டாலும் ஏற்கெனவே கைப்பேசியில் இறங்கியது அங்கேயே இருக்கும். 2015 நவம்பரில் ஃபயர்ஐ பார்த்தபோது 210 நிறுவனங்களின் வலையமைப்புக்குள் அந்தப் பழைய செயலிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. நான்கு வாரத்தில் 28,000-க்கும் மேற்பட்ட முறை அவை தங்கள் பழைய சர்வரைக் கூப்பிட்டிருந்தன. செய்தித்தாள்கள் வேறு செய்திக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அரைக்கும் கருவியே கலப்படமாகலாம் என்ற இந்தப் பயம் புதிதும் அல்ல. யுனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன் 1983-இல் டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில் இதையே சொன்னார். கம்பைலருக்குள் ஒரு கள்ளக்கதவை ஒளித்து வைத்துவிட்டால், அதை வைத்து அரைக்கும் நிரலில் அந்தக் கதவு தானாக வரும். அந்தக் கம்பைலரைக் கொண்டு உருவாகும் அடுத்த கம்பைலருக்கும் அது தொற்றும். மூல வரிகளில் தடயமே இருக்காது. இதைக் கற்பனையாக அல்ல, செய்துகாட்டக்கூடிய வித்தையாக அவர் விளக்கினார். 2009-இல் டெல்ஃபி என்ற நிரல்மொழிக் கருவியில் இன்டக் என்ற வைரஸ் ஏறக்குறைய அதையே செய்தது. 2015 மார்ச்சில், அதாவது எக்ஸ்கோடுகோஸ்ட் வெளிவருவதற்கு ஆறு மாதம் முன்னால், அமெரிக்க உளவு ரகசியங்களைக் கசியவிட்ட ஸ்னோடனின் ஆவணங்களை வைத்து தி இன்டர்செப்ட் இதழ் ஒரு செய்தி வெளியிட்டது: அமெரிக்க உளவுத்துறையின் ஆதரவில் நடந்த மாநாட்டில், மாற்றியமைத்த எக்ஸ்கோடு பற்றி ஆய்வாளர்கள் விளக்கியிருந்தார்கள் என்று. ஆக, விருது மேடையிலும் உளவு மேடையிலும் இதைப் பற்றிப் பேசிவிட்டார்கள். அரைக்கப் போனவர்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

இது தொலைதூரத்துச் சங்கதி என்று தோன்றினால் கேம்ஸ்கேனரை நினைத்துக்கொள்ளலாம். ரேஷன் அட்டை, மதிப்பெண் சான்றிதழ், ஆதார் என்று கையில் கிடைத்ததையெல்லாம் அதில் படம்பிடித்து அனுப்பாத வீடு ஒருகாலத்தில் குறைவு. ஜெராக்ஸ் கடைக்காரரே "கேம்ஸ்கேனர்ல எடுத்து வாட்ஸ்அப் பண்ணிடுங்க" என்பார். 2015-ஆம் ஆண்டுப் பட்டியலில் அதன் ஐபோன் பதிப்பும் இருந்தது. 2019 ஆகஸ்டில் அதே செயலியின் ஆண்ட்ராய்டு பதிப்பில் தீய நிரல் இருப்பதைக் காஸ்பர்ஸ்கி நிறுவனம் கண்டறிந்தது. இந்த முறை வழி வேறு. விளம்பரம் காட்டுவதற்காக வெளியாரிடமிருந்து வாங்கிச் சேர்த்த பகுதிக்குள் அது இருந்தது. 10 கோடித் தடவைக்கு மேல் இறக்கப்பட்ட செயலி அது. 2020 ஜூன் 29-இல் இந்திய அரசு தடைசெய்த 59 சீனச் செயலிகளில் இதுவும் ஒன்று. தடை சரியா தவறா என்ற விவாதம் தனி. ஒரு நாட்டின் செயலிகளைத் தடுத்தால் இந்த வகை ஆபத்து நின்றுவிடும் என்று எண்ணுவதுதான் பிழை. கருவிக்கும் கடன்வாங்கிய பகுதிக்கும் நாடு கிடையாது. சென்னையில் எழுதும் செயலியிலும் ஸ்டாக்ஹோமில் எழுதும் செயலியிலும் அதே நூறு ஆயத்த நிரல் பொதிகள்தான் கிடக்கின்றன.

அண்மைக்கால நிகழ்ச்சிகளில் நம்பிக்கை தருபவையும் உண்டு. 2024 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்டு தன் கணினியில் ஓர் இணைப்பு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். அரை நொடிதானே என்று விடவில்லை. நூல் பிடித்துப் போனபோது, லினக்ஸ் உலகம் முழுக்கப் பயன்படும் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவிக்குள் யாரோ பொறுமையாக வைத்திருந்த கள்ளக்கதவு அகப்பட்டது. அந்தக் கருவியை ஒருவர் தன் ஓய்வு நேரத்தில் ஊதியமில்லாமல் பராமரித்து வந்தார். உதவிக்கு வருவதாகச் சொல்லி நம்பிக்கையைச் சம்பாதித்துத்தான் கள்ளக்கதவை வைத்த ஆள் உள்ளே நுழைந்திருந்தார். பல கோடிக் கணினிகள் சார்ந்திருக்கும் ஒன்றைத் தாங்கியது ஒரே தோள். அதைக் காப்பாற்றியது இன்னொருவரின் அரை நொடிக் கவனம்.

2025 செப்டம்பரில் என்பிஎம் என்ற நிரல் பொதிக் களஞ்சியத்தில் நடந்ததும் அப்படித்தான். மொத்தமாக வாரத்துக்கு 200 கோடித் தடவைக்கு மேல் இறக்கப்பட்டு வந்த 18 பொதிகளில் கிரிப்டோ பணத்தைத் திசைதிருப்பும் நிரல் புகுந்தது. அவற்றைப் பராமரித்தவர் ஒரு போலி மின்னஞ்சலில் ஏமாந்து தன் கணக்கின் சாவியைக் கொடுத்துவிட்டார். அவர் செய்த அடுத்த காரியம்தான் முக்கியமானது. மறைக்கவில்லை. நான்தான் ஏமாந்தேன் என்று அன்றே பொதுவில் ஒப்புக்கொண்டார். சில மணி நேரத்துக்குள் கெட்ட பதிப்புகள் அகற்றப்பட்டன. 2015-இல் 12.8 கோடிப் பேருக்குக் கிடைத்ததாகத் தெரியாத அறிவிப்பு இங்கே ஒரு தனிமனிதரிடமிருந்து வந்தது. அவரைக் கேலி செய்தவர்களைவிட நன்றி சொன்னவர்களே அதிகம் இருந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கேலி செய்தால் அடுத்தவர் வாய் திறக்கமாட்டார்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், ஒருவர் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள வழியில்லை என்பது தெரியும். கண்டிப்பு வேண்டும் என்பவர்கள் சொல்வதிலும் சரக்கு இருக்கிறது. சட்டம் போட்டால் சின்னவர்கள் நசுங்கிப்போவார்கள் என்பவர்கள் சொல்வதிலும் இருக்கிறது. ஐம்பது பேர் வேலை பார்க்கும் நிறுவனம் தனியாகப் பாதுகாப்புப் பிரிவு வைக்கலாம். இரண்டு பேர் சேர்ந்து ஒரு மாடி அறையில் நடத்தும் நிறுவனத்திடம் அதே பாதுகாப்புப் படிவங்களைக் கேட்டால் அவர்கள் படிவம் நிரப்பக் கற்றுக்கொள்வார்கள்; பாதுகாப்பைக் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது.

நம் நாட்டின் கணினி அவசர உதவி அமைப்பான சர்ட்-இன் 2024 அக்டோபரில் மென்பொருள் உட்பொருள் பட்டியல் குறித்து வழிகாட்டுதல் வெளியிட்டது. பிஸ்கட் பொட்டலத்தின் பின்னால் கோதுமை, சர்க்கரை, பாமாயில் என்று அச்சிடுவது போல, ஒரு மென்பொருளுக்குள் யார் யாருடைய பகுதிகள் இருக்கின்றன என்று எழுதி வைக்கும் ஏற்பாடு இது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் இதே திசையில் அடியெடுத்து வைத்தன. வரவேற்கத்தக்கது. கேம்ஸ்கேனரின் விளம்பரப் பகுதி போன்ற சிக்கல்களில் இது உடனே கைகொடுக்கும். எந்தப் பகுதி கெட்டது என்று தெரிந்த அடுத்த நிமிடம் அது யார் யாரிடம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் எக்ஸ்கோடுகோஸ்டை அது பிடித்திருக்காது. நிரலருக்கே தெரியாமல் மில்லில் கலந்ததை அவர் எப்படிப் பட்டியலில் எழுதுவார்? எனவே பட்டியலில் பொருள்களோடு அரைத்த இயந்திரத்தின் பெயரும் பதிப்பும் அது மாற்றப்படவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணும் சேர வேண்டும் என்று கேட்பது மிகையாகாது.

இன்னொரு வழி, ஒரே மூல வரிகளை இரண்டு பேர் இரண்டு இடத்தில் தனித்தனியாக அரைத்து, வருவது ஒரு பிட்கூட மாறாமல் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுவது. டெபியன் லினக்ஸ் குழு பல ஆண்டுகளாக இதற்கு உழைத்து வருகிறது. திறமூலச் செயலிகளைத் தரும் எஃப்-ட்ராய்டு களஞ்சியமும் இதைக் கையாள்கிறது. இரண்டு மில்லிலும் ஒரே கலப்படம் இருக்க வாய்ப்புக் குறைவு. உழைப்பு அதிகம்தான், எல்லாச் செயலிக்கும் இன்றே முடியாது. வங்கி, மருத்துவம், அரசுச் சேவைகள் ஆகியவற்றின் செயலிகளிலிருந்து தொடங்கினால் யாரும் ஆட்சேபிக்கமாட்டார்கள்.

இவற்றைவிட எளிதான, உடனே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. நேர்வழியைக் குறுக்குவழி அளவுக்கு வேகமாக்குவது. சீனாவில் பிழை அங்கேதான் பிறந்தது. கருவி தரும் பெருநிறுவனங்கள் தங்கள் சர்வரை மக்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அது நடக்கும்வரை, நம் பொறியியல் கல்லூரிகளின் ஆய்வகங்களும் நிரலர் சங்கங்களும் ஒரு பிரதியை முறையாக இறக்கி, சரிபார்த்து, சரிபார்ப்பு எண்ணோடு வைத்துக் கொடுக்கலாம். பென்டிரைவ் குற்றவாளி அல்ல. அதில் உள்ளதற்கு ஒருவர் பொறுப்பேற்றுப் பெயர் எழுதியிருந்தால் அதுவே ஊர்க் கிணறு மாதிரி உதவும். மேலாளர்கள் தங்கள் பங்குக்கு ஒரு மணி நேரம் விட்டுக்கொடுக்க வேண்டும். வாடிக்கையாளருக்குப் போகும் இறுதிப் பதிப்பை அவரவர் மடிக்கணினியில் அரைக்காமல், அதற்கென்றே ஒதுக்கிய ஒரு கணினியில் மட்டும் அரைப்பது என்று வைத்துக்கொண்டால் பாதிக் கவலை குறையும். அந்தக் கணினியில் பாட்டுக் கேட்கக்கூடாது, அவ்வளவுதான்.

பயனர்களான நமக்கு இதில் பெரிய வேலை இல்லை. இருக்கிற சின்ன வேலையைத் தள்ளிப்போடாமல் இருந்தால் போதும். அந்த 210 நிறுவனங்களில் பழைய செயலி ஓடியது, யாரோ அப்டேட் பொத்தானை நாளைக்கு என்று தள்ளியதால். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காரும் நேரத்தில் வீட்டுப் பெரியவர்களின் கைப்பேசியையும் வாங்கிப் புதுப்பித்துக் கொடுக்கலாம். ஆறு மாதமாகத் திறக்காத செயலியை நீக்கலாம். செயலி திடீரென்று கடவுச்சொல் கேட்டுப் பெட்டி காட்டினால், நிதானித்து நிறுவனத்துக்கு ஒரு வரி எழுதலாம். அந்த வரியைப் படித்துப் பதில் சொல்ல நிறுவனத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பது மறுபக்கக் கடமை.

என் பழைய அலுவலகத்துக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். நீலப் பென்டிரைவ் இல்லை. அறை மூலையில் ஒரு சின்னக் கணினி, அதன்மேல் "இன்ஸ்டாலர் இங்கே மட்டும்" என்று மார்க்கரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ஏதோ கோப்பை எடுத்துக்கொண்டிருந்தாள். முன்பு எனக்கு "ஓகே குடு" என்ற அதே அண்ணன், நரைத்த மீசையோடு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நிறுவனம் வெளியிட்டிருந்த 64 எழுத்துச் சரிபார்ப்பு எண்ணைத் தன் திரையிலிருந்து வாசித்தார். அவள் தன் திரையில் விரல் வைத்துத் தொடர்ந்தாள். இதை ஒப்பிட்டுச் சொல்ல ஒரே வரியில் கட்டளை இருக்கிறதே என்றேன். "இருக்கு. முதல் தடவை கண்ணால பாக்கட்டும்" என்றார். நடுவில் டீ வந்தது. பாதியில் எங்கே விட்டோம் என்று தெரியாமல் போக, இரண்டு பேரும் முதல் எழுத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள்.